மூன்றாம் மாதத்து முதல் தண்ணீர்

என் கணவர் கலியாணசுந்தரத்துக்குப் பட்டியல் போடாமல் எதுவும் செய்ய வராது. பசாருக்குப் போனாலும் பட்டியல், சாமி கும்பிடப் போனாலும் பட்டியல். ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு விடுமுறைக்கு எங்களை மலாக்காவுக்கு அழைத்துப் போனபோதும், தான் வேலை பார்த்த கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே ஆபீசின் பழைய தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சிவப்புக் கட்டடம், மலைமேல் கூரையில்லாத மாதா கோயில், போர்த்துக்கீசியர் கோட்டை வாசல், சீனர் மலையடிக் கிணறு, பிள்ளையார் கோயில். எல்லாவற்றுக்கும் கீழே, ‘பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங், தெங்கேரா, காலை எட்டு முதல் பத்து வரை, பதினைந்து நாள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் அந்தப் பயணத்துக்கே தலையாட்டினேன். மற்றபடி, என் நாத்தனார் வீட்டில் பதினைந்து நாள் தங்க எனக்கு என்ன வேண்டுதலா?

என் மகள் கோகிலாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பூப்பந்துத் தளத்தில், பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணின் பழைய ஸ்கேட்டை இரவல் வாங்கி, தானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டவள். நடக்கும்போது தடுக்கி விழுவாள், சக்கரத்தில் ஏறிவிட்டால் விழமாட்டாள். அவள் அப்பாவுக்கும் அதில் பெருமைதான். வீட்டுக்கு யார் வந்தாலும் தளத்துக்கு அழைத்துப்போய் ஆடச் சொல்லிக் காட்டுவார். காட்டிவிட்டு ஒன்று சொல்வார். “பெரிய மனுஷியாகிற வரைக்கும் ஆடட்டும். ஆயிட்டா சக்கரத்துக்கு முழுக்குத்தான்.” கோபமாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களின் வார்த்தையை மாற்றவே முடியாது. என் அப்பாவும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். ஆறாம் வகுப்புக் கணக்கில் நான்தான் முதல்.

அந்த ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோகிலா வயதுக்கு வந்தாள். அவர் ஆபீசுக்குப் போயிருந்தார், சின்னவன் சேதுராமன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். பிள்ளை பயந்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. “அப்பாகிட்ட சொல்லுவீங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“சொல்லமாட்டேன்” என்றேன். “மலாக்கா போய் ஆடிட்டு வா. வந்தப்புறம் புதுசா ஆன மாதிரி சொல்லிக்கலாம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் மறைத்தேன். ஜூலையிலும் மறைத்தேன். நாட்களை விரல்விட்டு எண்ணி, அடுத்தது செப்டம்பர் முதல் வாரம்தான், அதற்குள் ஊர் திரும்பிவிடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு காரியத்தில் நான் நல்ல தாயாக இருந்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு செய்ததுதான் வேறு.

உண்மையில் எனக்கு அவரைவிட அவருடைய அக்காவிடம்தான் பயம் அதிகம். பூங்காவனம் அண்ணிக்குப் பிள்ளை இல்லை. பெண் வயதுக்கு வந்தால் பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டத் தாய்மாமன் வேண்டும், முதல் தண்ணீர் ஊற்ற அத்தை வேண்டும். கோகிலாவின் தாய்மாமன், என் ஒரே அண்ணன், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடிபட்டுப் போனவன் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது அத்தை மட்டும். அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காக அண்ணி பதின்மூன்று வருஷம் காத்திருந்தார். பச்சைப் பட்டுச் சேலை ஒன்று, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், விளிம்பில் பூ வேலை செய்த பித்தளைச் சொம்பு, எல்லாம் பெட்டியில் இருந்தன. கடிதத்துக்குக் கடிதம் ‘கோகிலாவுக்கு விசேஷம் உண்டா?’ என்று கேட்பார். ஜூனிலும் ஜூலையிலும் ‘இல்லை’ என்று நான் பதில் எழுதினேன். பிள்ளையில்லாதவளிடம் திருடினேன் என்றுதானே அதற்குப் பெயர்?

தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்வே பாஸ். அங்கிருந்து மலாக்காவுக்கு முன்பு தண்டவாளம் இருந்தது. அதையும் ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டதால் பஸ் ஏறினோம். நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

அண்ணி வீடு இருந்த காஜா பெராங்கில் இறங்கியதும், “ஏம்பா இந்தப் பேரு?” என்று சேது கேட்டான். “கோபக்கார யானைன்னு அர்த்தம்” என்றார் அவர். “யானை எங்க?” என்றான். அவர் என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், கோகிலாதான் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அண்ணி வீடு கட்டைக்கால் வைத்த பலகை வீடு. அண்ணியின் கணவர் அப்பாசாமி கித்தா என்கிற ரப்பர்க் கிடங்கில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். சுற்றிலும் செட்டிமார் வீடுகள். நெற்றியில் திருநீறு, வீட்டில் நம் சாமிகள், ஆனால் பல தலைமுறையாகப் பேச்சு மட்டும் மலாய். “மாரியாத்தாகிட்டயே மலாயிலதான் வேண்டிக்கிறாங்க, அவளுக்கும் புரியுது போல” என்று அண்ணி சொன்னார். “இருவது வருஷமா பக்கத்துல தமிழ் பேச ஆளில்லலா. இவர்கூட சண்டை போட்டுத்தான் தமிழ மறக்காம இருக்கேன்.”

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவும்போது என் காதோரம் வந்து கேட்டார். “இன்னும் ஒண்ணும் இல்லையா, சந்திரா?”

“இல்ல அண்ணி” என்றேன், சட்டியைத் தேய்த்துக்கொண்டே.

“அவசரம் இல்ல. ஆகும்போது ஆகட்டும். எனக்குத்தான் ஆசை பொறுக்கல.”

மறுநாளிலிருந்து பிள்ளைகள் தெங்கேராவுக்குப் போனார்கள். ஒரு கிளப்பின் பின்பக்கம் பெரிய சிமெண்டுத் தரை. சொல்லிக்கொடுத்தவர் உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வரும் மிஸ் தெரேசா, போர்த்துக்கீசிய வம்சம், ஊதல் ஊதி ஊதிக் கன்னம் உப்பியவர். சேது விழுந்தது போக மீதி நேரத்தில் ஆடினான். கோகிலாவைப் பார்த்த மூன்றாம் நாளே மிஸ் முடிவு செய்துவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி, நாட்டுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேகா காலையில், இருபது பிள்ளைகள் இரண்டு வரிசையாக ஆடி வர, முன்னால் தனியாக ஒருத்தி புதுக்கொடியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்த ஒருத்தி கோகிலா.

அண்ணி அதைக் கேட்டதும் வெள்ளைத் துணி வாங்கி வந்து, மூன்று நாள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் பாவாடை தைத்தார். “சக்கரச் சப்பாத்துல பறக்கும்போது பாவாடை விரியணும்டி” என்று அவளை நிறுத்திவைத்து நாலு தடவை சுற்றச் சொன்னார். மாலையில் விளக்கேற்றும் வேலையைக் கோகிலாவுக்குக் கொடுத்தார். வயதுக்கு வராத கன்னிப் பெண் ஏற்றினால் வீட்டுக்கு நல்லதாம். நான் ஒவ்வொரு மாலையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் அவர் பட்டியலை எடுப்பார். வெயிலில் ஊரைச் சுற்றினோம். மலைமேல் மாதா கோயிலில் சாய்த்து வைத்த கல்லறைக் கற்களை ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தார். கோட்டை வாசலைக் காலால் அளந்தார். சீனர் மலையடிக் கிணற்றில், இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எப்படியும் மலாக்காவுக்குத் திரும்பி வருவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லோரையும் குடிக்கச் சொன்னார். கோகிலா இரண்டு கை அள்ளிக் குடித்தாள். “அடுத்த வருஷமும் வரலாமாப்பா?” என்றாள். “அடுத்த வருஷம் நீ என்ன ஆகியிருப்பியோ” என்று சிரித்தார் அவர். பென்சிலை எடுத்துப் பட்டியலில் கிணற்றை அடித்தார்.

என் கணக்கு தவறியது. முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை விடியற்காலையில், கொல்லைப்புறக் குளியலறையிலிருந்து கோகிலா என்னைக் கூப்பிட்டாள். நான்கு நாள் முந்தி வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியடியில் வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

“நாளைக்கு ஆடலாமில்ல?” என்றாள்.

“ஆடலாம். வாய மட்டும் மூடிக்கிட்டு இரு.”

“சாயந்தரம் விளக்கு?”

 மறுத்தால் ஏன் என்ற கேள்வி வரும். “ஏத்து. சாமி ஒண்ணும் சொல்லாது” என்றேன்.

சாமி ஒன்றும் சொல்லவில்லைதான்.

சாயங்காலம், ஒத்திகை முடிந்து வந்த கோகிலா அத்தைக்குக் காட்டுவதற்காக வெள்ளைப் பாவாடையோடே இருந்தாள். வாசல் பக்கம் அவரும் அப்பாசாமி அண்ணனும் நாற்காலி போட்டு, நள்ளிரவில் கோலாலம்பூரில் கொடி இறங்குவதையும் ஏறுவதையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சேது கொடிக்குச்சியில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். நான் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தேன். கோகிலா குனிந்து தீக்குச்சியைக் கிழித்தாள். பின்னால் நின்ற அண்ணியின் முகம் மாறியது. நானும் பார்த்தேன். பாவாடையின் பின்புறம், காசளவு ஒரு கறை.

அண்ணி சத்தம் போடவில்லை. சட்டென்று நகர்ந்து, முந்தானையை விரித்துப் பிடித்து, வாசலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றார். அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“சந்திரா, இதுதான் மொதத் தடவையா?”

தெரிந்துபோயிற்று என்று நினைத்தேன். மூன்று மாதம், எழுதிய கடிதம், கோயிலுக்குள் அழைத்துப் போனது, ஏற்றச் சொன்ன விளக்கு, எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. அண்ணி தம்பியிடம் சொல்வார். அவர் சிரித்துக்கொண்டே என்னை என் அப்பா வீட்டில் கொண்டுபோய் விடுவார். அந்த நொடியில் என் மகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “ஐயோ அண்ணி! நம்ம பொண்ணு உக்காந்துட்டா!” என்று வீடே அதிரக் கத்தினேன். “ஏங்க, கேட்டீங்களா? கோகிலா பெரிய மனுஷியாயிட்டா! அத்தை வீட்டுல வச்சு ஆகணும்னு இருந்திருக்கு பாருங்க!”

எவ்வளவு அழகாக நடித்தேன்! கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

கோகிலா திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் தீக்குச்சி எரிந்துகொண்டே வந்து விரலைச் சுட்டது. அதற்குப் பிறகுதான் கீழே போட்டாள்.

அவர் உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே சிரித்தார். சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கடைசி வரியைப் பென்சிலால் அடித்தார். “எல்லாம் ஒரே பயணத்துல முடிஞ்சுது” என்றார். “சேது, காலையில மிஸ்கிட்ட அக்கா வரமாட்டான்னு சொல்லிடு.”

அப்பாசாமி அண்ணன் தென்னை ஓலை வெட்டி வந்து கொல்லையில் குச்சு கட்டினார். தாய்மாமன் செய்ய வேண்டியது. அண்ணி பஞ்சாங்கம் பார்த்தார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன் எட்டு மணிக்கு முதல் தண்ணீர் என்று முடிவானது. ஸ்கேட்டிங் ஆட்டமும் எட்டு மணிக்குத்தான். அன்று இரவு அண்ணி என்னோடு அதிகம் பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

படுக்கப் போகும் முன் குச்சுக்குப் போனேன். பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் எத்தனையோ ஆட்டம் வரும்டி” என்றேன்.

“எங்க வரும்? சக்கரத்துக்கு முழுக்குன்னு அப்பாதான் சொல்லிட்டாரே.”

“அம்மாவக் காட்டிக்குடுத்துடாத, கண்ணு.”

அவள் படுத்துக்கொண்டு ஓலைப் பக்கம் திரும்பிவிட்டாள். என் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயை மூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் அவரும் சேதுவும் அப்பாசாமி அண்ணனும் கையில் காகிதக் கொடியோடு தெங்கேராவுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பெண்கள் மட்டும். அக்கம்பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாக்கள் ஏழெட்டுப் பேர், கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, பூவும் பலகாரமும் தட்டில் ஏந்தி வந்திருந்தார்கள். “சூடா பெசார்!” என்று, பெரியவளாகிவிட்டாள் என்று, கோகிலாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்கள். மணைப்பலகையில் அவளை உட்காரவைத்தோம். அண்ணி பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் மொண்டார். தெங்கேரா பக்கமிருந்து பேண்டு வாத்தியம் காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. கோகிலாவின் கால்விரல்கள் அந்தத் தாளத்துக்கு அசைந்தன, பிறகு நின்றன.

முதல் சொம்பு தலையில் விழுந்தது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல், யாருக்கும் ஒளிக்காத சாதாரணக் குரலில் கோகிலா சொன்னாள்.

“அத்தை, இது மூணாவது மாசம். ஜூன்லயே ஆயிட்டேன். அம்மாவுக்குத் தெரியும்.”

அத்தனை பேர் நடுவில் சொன்னாள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அண்ணியும் நானும் மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும்.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு செட்டி அம்மாள், பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார். “ஆயர் சேஜோக்” என்றார் அண்ணி. தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம். பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு என்று முறை தவறாமல் ஊற்றி முடித்தார். கோகிலாவுக்குப் பச்சைப் பட்டு உடுத்திவிட்டார், இரண்டு கையிலும் வளையல் அடுக்கினார், திருஷ்டி சுற்றினார். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

வந்தவர்கள் போன பிறகு அடுக்களையில் நான் நேராகக் காலில் விழப் போனேன். அண்ணி விலகிக்கொண்டார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“பயந்துட்டேன் அண்ணி. உங்க உரிமைய நான் எடுத்துட்டேன்னு...”

“தெரிஞ்சிருந்தா அழுதிருப்பேன். ஒரு நாள் முழுக்க அழுதிருப்பேன். அதுக்காக அந்தப் புள்ளையோட ஆட்டத்த நிறுத்தியிருப்பேனா? அந்தப் பாவாடைய தச்சது யாரு?” சொம்பை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். “நேத்து நான் எதுக்கு முந்தானைய விரிச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன்? ஆம்பளைங்க பார்க்கறதுக்குள்ள வேற பாவாடை குடுத்து, ராத்திரியோட ராத்திரியா இத தோச்சுப் போட்டு, காலையில ஆட்டத்துக்கு அனுப்பிட்டு, வந்தப்புறம் தம்பிகிட்ட சொல்லிக்கலாம்னுதான் நின்னேன். இதுதான் மொதத் தடவையான்னு மெதுவாத்தானே கேட்டேன், சந்திரா? கத்துனது நீதானே?”

  அண்ணி சொம்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நான் மறைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவர் தம்பியிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

பதினொரு மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். அவர் மிட்டாய்ப் பொட்டலத்தோடு, பிரமாதமாக நடந்தது, ஜனம் சொல்லி மாளாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். சேது நேராகக் கொல்லைக்கு ஓடி, குச்சுக்குத் தள்ளி நின்று கத்தினான். “அக்கா! உன் எடத்துல யாருமே வரல! நான் வேணா கொடி பிடிக்கிறேன்னு எல்லாரும் கேட்டாங்க. மிஸ் வேணாம்னுட்டாங்க. முன்னாடி காலியா விட்டுட்டு அப்படியே ஆடினோம்!”



மத்தியானம் தட்டில் சோறு போட்டு எடுத்துப் போனேன். பட்டுச் சேலையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்திருந்தாள். “வச்சுட்டுப் போங்க” என்றாள்.

“வேற ஏதாச்சும் வேணுமாடி?”

“அத்தைய வரச் சொல்லுங்க.”

அண்ணி போனார். தீட்டு என்றும் பார்க்காமல் குனிந்து உள்ளே நுழைந்து அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டை எடுக்கிற சாக்கில் நான் பக்கத்தில் போனபோது பேச்சு நின்றது.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. ஸ்கேட்டைக் கோகிலா அந்தச் சீனப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் எல்லா வேலையும் செய்கிறாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள், மரியாதையில் ஒரு குறை கிடையாது. மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள், காஜா பெராங் முகவரிக்கு, நாலு பக்கம், ஐந்து பக்கம். பெரிய பெண் தெருவில் போகக்கூடாது என்று அவள் அப்பா சொல்லியிருப்பதால், ஒட்டிய உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவது நான்தான்.